"ஓகே அடியுங்கோ" என்று சொல்லுகிறவர்களுக்கு



சாட்டி, மண்கும்பான், வேலணைப் பக்கத்து உறவுகளுக்கு. கொஞ்சம் நீளமான பதிவுதான். வெளிநாட்டில் பிள்ளை இருக்கிறது, காணி விஷயமாகச் சட்டத்தரணியோடு மின்னஞ்சல் போய் வருகிறது என்றால் கடைசி வரைக்கும் வாசியுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

லண்டனிலோ பாரிஸிலோ இருக்கிற சில சட்டத்தரணி அலுவலகங்கள் இப்போது சும்மா கடிதம் அனுப்புவதில்லை. டிஜிட்டல் கையொப்பம் வைத்து அனுப்புகிறார்கள், சில வேளை பூட்டும் போட்டு அனுப்புகிறார்கள். இங்கே திறக்கிறபோது ஒரு மஞ்சள் முக்கோணம், அல்லது சிவப்புக் கோடு. "இந்தக் கையொப்பத்தில் பிரச்சினை உள்ளது" என்று ஒரு பெட்டி. வயதானவர் பயந்துபோய்ச் சந்தியில் இருக்கிற கொமினிகேஷனுக்கு ஃபோனைக் கொண்டு ஓடுகிறார். அங்கே இருக்கிற தம்பி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அது ஒண்டுமில்லை ஐயா, ஓகே அடியுங்கோ" என்கிறார். கந்தோரில் கேட்டாலும் அதே பதில். கனடாவில் இருக்கிற மருமகனும் அதைத்தான் சொல்லுகிறார்.

இந்த "ஓகே அடியுங்கோ"வைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம். உதவி செய்கிற பெயரில் எங்கள் சனத்துக்குப் பழக்கப்படுத்துகிற மிக மோசமான பழக்கம் இது. அந்தப் பெட்டி உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறது: "இவர் தான் இன்னார் என்று சொல்லுகிறார், எனக்கு உறுதியாகத் தெரியவில்லை, உனக்குத் தெரியுமா?" அந்தச் சட்டத்தரணியை வாழ்நாளில் கண்டிராத கொமினிகேஷன் தம்பி அதற்கு எப்படிப் பதில் சொல்ல முடியும்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். கடுதாசியில் போட்ட கையெழுத்தைப் படம் எடுத்து ஒட்டிவிட்டு அதை டிஜிட்டல் கையொப்பம் என்று சொல்லுகிறவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். அது வெறும் படம். யாரும் வெட்டி எங்கும் ஒட்டலாம். உண்மையான டிஜிட்டல் கையொப்பம் கண்ணுக்குத் தெரியிற கோடு இல்லை, கணக்கு. அனுப்புகிறவரிடம் இரண்டு திறப்புகள் இருக்கும். ஒன்று அவரிடம் மட்டும் இருக்கிற இரகசியத் திறப்பு, மற்றது ஊருக்கே கொடுக்கிற பொதுத் திறப்பு. கடிதத்தின் ஒவ்வொரு எழுத்தையும் சேர்த்துப் பிழிந்து எடுத்த ஒரு எண்ணை இரகசியத் திறப்பால் முத்திரை குத்தி அனுப்புகிறார். உங்கள் பக்கத்தில் பொதுத் திறப்பால் அதைச் சரிபார்க்கிறார்கள். ஒரு காற்புள்ளி மாறியிருந்தாலும் கணக்குப் பிழைக்கும். அந்தப் பொதுத் திறப்பு இன்ன மின்னஞ்சல் முகவரிக்கு உரியது என்று மூன்றாம் ஆள் ஒருவர் எழுதிக் கொடுப்பதுதான் சான்றிதழ்.

முந்தி எங்கடை ஆக்கள் மாட்டுக்குக் குறி சுட்டார்கள். மாடு தவறினால் குறியைப் பார்த்து ஆருடையது என்று சொல்லிவிடலாம். ஆனால் குறி ஆருடையது என்று ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத குறியோடு ஒரு மாடு வளவுக்குள் வந்து நின்றால், குறி இருக்குத்தானே என்று கட்டி வைப்போமா?

இனி அந்தப் பெட்டிக்கு வருவோம். எல்லா எச்சரிக்கையும் ஒன்று என்று நினைப்பதில்தான் முதல் பிழை தொடங்குகிறது. சிலது ஒன்றுமே இல்லாதது, சிலது வீட்டை விற்கிறது.

ஒன்றுமில்லாததை முதலில் சொல்லி முடிப்போம். சான்றிதழ் ஒவ்வொன்றிலும் தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் இருக்கும், பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்கு. உங்கள் கொம்பியூட்டரின் திகதி பிழை என்றால் நல்ல சான்றிதழும் "காலாவதி" என்றோ "இன்னும் தொடங்கவில்லை" என்றோ காட்டும். பழைய மேசைக் கொம்பியூட்டர்களில் காசு மாதிரி ஒரு வட்டப் பற்றரி இருக்கும், சீஆர்2032 என்று அதில் எழுதியிருக்கும். அது செத்தால், கரண்ட் போய் வருகிற நேரமெல்லாம் கொம்பியூட்டர் பத்துப் பதினைந்து வருடம் பின்னுக்குப் போய் நிற்கும். பள்ளிக்கூடங்களில் இந்தக் கூத்தை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். எச்சரிக்கை வந்தால் முதல் வேலையாக மூலையில் இருக்கிற திகதியையும் ஆண்டையும் பாருங்கள். திகதி சரியாக இருந்தும் காலாவதி என்று வந்தால், அனுப்பியவர் சான்றிதழைப் புதுப்பிக்கவில்லை என்று அர்த்தம். பழைய கடிதம் என்றால் அவ்வளவு பயமில்லை, கையொப்பம் வைத்த நாளில் சான்றிதழ் உயிரோடு இருந்ததா என்பதுதான் முக்கியம். நேற்று வந்த கடிதம் என்றால் புதுப்பித்து மறுபடி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அதே மாதிரி, "இரத்துச் செய்யப்பட்டதா என்று சரிபார்க்க முடியவில்லை" என்பது ஒன்று, "இரத்துச் செய்யப்பட்டது" என்பது வேறொன்று. முதலாவது சிக்னல் இல்லாத நேரத்திலும் வரும், எங்கள் தீவுகளில் அது புதினமில்லை. சிக்னல் உள்ள இடத்தில் நின்று திரும்பத் திறந்து பாருங்கள். இரண்டாவது வந்தால் அந்தக் கடிதத்தில் உள்ள எதையும் செய்யாதீர்கள். அந்தத் திறப்புக் களவு போயிருக்கலாம்.

"கையொப்பமிட்ட பிறகு கடிதம் மாற்றப்பட்டுள்ளது" என்பது கேட்கப் பயங்கரமாக இருக்கும். பல வேளை காரணம் அப்பாவித்தனமானது. இடையில் இருக்கிற வைரஸ் தடுப்பு மென்பொருளோ, அலுவலகத்து மின்னஞ்சல் வாசலோ கடிதத்தின் அடியில் தானாக ஒரு அறிவிப்பை ஒட்டியிருக்கும். ஒட்டினால் கணக்குப் பிழைக்கும்தானே. ஆனால் இடையில் ஒருவன் வங்கிக் கணக்கு இலக்கத்தை மாற்றினாலும் வருவது இதே எச்சரிக்கைதான். எது என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. திரும்ப அனுப்பச் சொல்ல வேண்டும், இலக்கத்தைத் தொலைபேசியில் வாயால் கேட்டு ஒப்பிட வேண்டும்.

இப்போது வீட்டை விற்கிற இரண்டுக்கும் வருவோம்.

முதலாவது, முகவரி பொருந்தாமை. கடிதம் வந்த முகவரி ஒன்று, சான்றிதழில் எழுதியிருக்கிற முகவரி இன்னொன்று. ஆங்கிலத்தில் ஆர் எழுத்தையும் என் எழுத்தையும் ஒட்டி எழுதினால் எம் மாதிரியே தெரியும். எல் எழுத்துக்குப் பதில் இலக்கம் ஒன்றைப் போட்டால் எங்கள் கண்ணுக்குப் பிடிபடாது, கண்ணாடி போட்டவருக்கும் பிடிபடாது. ஆனால் மென்பொருளுக்குப் பிடிபடும். அதைத்தான் அது உங்களுக்குச் சொல்லுகிறது. அந்த நேரத்தில் "ஓகே அடியுங்கோ" என்று சொல்லுகிறவர், கள்ளனைக் கண்டு குரைத்த நாயைக் கட்டி வைக்கிறார்.

இரண்டாவது, "இந்தச் சான்றிதழை வழங்கியவர் நம்பகமானவர் என்று தெரியவில்லை." கொமினிகேஷன்களில் இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். வலது பக்கம் அமத்தி, "நம்பகமானவர் பட்டியலில் சேர்" என்று கொடுத்துவிடுவது. முக்கோணம் பச்சையாகிவிடும், எல்லாருக்கும் சந்தோஷம். என்ன நடந்தது என்று யோசித்தீர்களா? சாட்சி சொல்ல வந்தவன் ஆர் என்று கேட்டதற்கு, வழக்காளியே "இவன் நல்லவன், எழுதிக்கொள்ளுங்கோ" என்று சொல்ல, நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். அதோடு முடியவில்லை. வேர்ச் சான்றிதழ் ஒன்றையே சேர்த்திருந்தால், இனி அதன் கீழ் வருகிற எல்லாக் கடிதத்துக்கும் உங்கள் கருவி கண்ணை மூடிக்கொண்டு பச்சை காட்டும்.

தமிழ்நாட்டில் இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அங்கே சொந்தக்காரர் இருக்கிறவர்களுக்குத் தெரியும். இ-சேவை மையத்தில் எடுக்கிற சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும், அதன் மேல் ஒரு மஞ்சள் கேள்விக்குறியும் சேர்ந்தே அச்சாகி வரும். இந்தியாவின் வேர்ச் சான்றிதழ் அந்த பிடிஎஃப் மென்பொருளின் பட்டியலில் தானாக இருப்பதில்லை என்பதுதான் காரணம். சான்றிதழில் களவில்லை. ஆனால் கேள்விக்குறியைச் சாதாரண அலங்காரம் மாதிரிப் பார்க்க ஒரு தலைமுறை பழகிவிட்டது. நாளைக்கு உண்மையான கள்ளச் சான்றிதழ் அதே கேள்விக்குறியோடு வந்தால் ஆர் கண்டுபிடிப்பார்?

எங்கள் நாட்டிலும் லங்காகிளியர் நிறுவனம் தொடங்கிய லங்காசைன் டிஜிட்டல் சான்றிதழ் வழங்குகிறது. அப்படி உள்நாட்டுச் சான்றிதழ் ஒன்றோடு கடிதம் வந்து, உங்கள் ஃபோனின் பட்டியலில் அந்த வேர் இல்லாவிட்டால் எச்சரிக்கை வரத்தான் செய்யும். அப்போது செய்ய வேண்டியது, வழங்குகிற நிறுவனத்தின் தளத்துக்கு நீங்களாகப் போய் எடுப்பது. அந்தக் கடிதத்தோடு வந்த இணைப்பை அமத்தி அதையே நிறுவுவது எந்தக் காலத்திலும் கூடாது.

"பெரிய நிறுவனம் கொடுத்த சான்றிதழ் என்றால் பயமில்லைத்தானே" என்று சிலர் கேட்பார்கள். எங்கள் தீவுக்கு லைடன் என்று பேர் வைத்த ஒல்லாந்தரின் நாட்டிலேயே டிஜிநோட்டார் என்று ஒரு நிறுவனம் இருந்தது. அந்த நாட்டு அரசாங்கத்துக்கே சான்றிதழ் கொடுத்த நிறுவனம். 2011இல் அதற்குள் புகுந்தவர்கள் கூகுள் உட்படப் பல பெயர்களில் 500க்கு மேற்பட்ட கள்ளச் சான்றிதழ்களை எடுத்துவிட்டார்கள். ஈரானில் இருந்தவர்களின் ஜிமெயிலை ஒட்டுக்கேட்க அது பயன்பட்டது. அதே வருடம் செப்டெம்பரில் நிறுவனம் வங்குரோத்தானது. 2014 ஜூலையில் இந்தியாவின் தேசிய தகவலியல் மையத்தின் பெயரிலும் கூகுளுக்கு உரிய கள்ளச் சான்றிதழ்கள் வெளிவந்து, இரத்துச் செய்யப்பட்டன. அதனால்தான் "இரத்து" என்று வருகிற எச்சரிக்கையை விளையாட்டாக எடுக்காதீர்கள் என்கிறோம்.

"அரசாங்க முகவரியில் இருந்து வந்தால் நம்பலாம்" என்பது அடுத்த சமாதானம். 2023 ஓகஸ்டில் லங்கா அரசாங்க முகில் கட்டமைப்பில் கப்பம் கேட்கும் வைரஸ் புகுந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 இலிருந்து ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் மீட்க முடியாமல் போயின. அந்தக் காலத்துக்கு மாற்றுப் பிரதி இல்லை. ஓடிக்கொண்டிருந்த மின்னஞ்சல் மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. முகவரியின் வாலில் அரசாங்கப் பெயர் இருக்கிறது என்பது மட்டும் ஆதாரமாகாது.

இன்னும் ஒன்று, இது ஆருடைய வாயிலும் வருவதில்லை. கையொப்பமே இல்லாமல் வருகிற கடிதத்துக்குக் கையொப்ப எச்சரிக்கை எதுவும் வராது! சட்டத்தரணியின் அஞ்சல் பெட்டிக்குள் ஒருவன் புகுந்துவிட்டான் என்று வையுங்கள். இரகசியத் திறப்பு வேறிடத்தில் பத்திரமாக இருந்தால் அவனால் கையொப்பம் வைக்க முடியாது. அதே முகவரியில் இருந்து, அதே பாணியில், "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, கட்டணத்தை இந்தக் கணக்குக்குப் போடவும்" என்று கையொப்பமில்லாமல் எழுதுவான். முக்கோணம் இல்லை, சிவப்பு இல்லை, எல்லாம் அமைதி. ஆறு மாதமாகக் கையொப்பத்தோடு எழுதியவர் இன்றைக்கு ஏன் கையொப்பமில்லாமல் எழுதுகிறார் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். எச்சரிக்கையை மதிக்காமல் பழகின கண்ணுக்கு இந்த அமைதி தெரியவே தெரியாது.

எங்களில் பெரும்பாலானவர்கள் இலவச ஜிமெயில்தான் பாவிக்கிறோம். அது இந்தக் கையொப்பத்தைச் சரிபார்த்துச் சொல்லாது. கடிதத்தோடு எஸ்மைம்.பி7எஸ் என்று ஒரு சின்னக் கோப்பு இணைப்பாகக் கிடந்தால் அதுதான் கையொப்பம். வைரஸ் என்று பயந்து அழிக்க வேண்டாம், அது கிடக்கிறது என்பதற்காகக் கடிதத்தை நம்பவும் வேண்டாம். எஸ்மைம்.பி7எம் என்று மட்டும் வந்து உள்ளே ஒன்றும் வாசிக்க முடியாவிட்டால், அது பெரும்பாலும் பூட்டுப் போட்ட கடிதம். உங்கள் இரகசியத் திறப்பு இருக்கிற கருவியில்தான் திறக்கும். ஃபோனை மாற்றினவர்கள், கொம்பியூட்டரை "ஃபோர்மட்" அடித்தவர்கள் திறப்பைத் தொலைத்துவிட்டு "ஃபைல் பழுதாப் போச்சு" என்கிறார்கள். ஃபைல் பழுதில்லை. திறப்புப் போனால் அதை எந்தக் கடைக்காரரும் திறந்து தர முடியாது, திறந்து தருகிறேன் என்று காசு கேட்டால் அது ஏமாற்று. புதிய சான்றிதழ் எடுத்தாலும் பழைய திறப்பை அழிக்காமல் ஒரு பென் டிரைவில் கடவுச்சொல் போட்டு வையுங்கள். பழைய கடிதங்கள் பழைய திறப்புக்குத்தான் திறக்கும்.

சரி, உண்மையிலேயே இன்னார்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? சான்றிதழைத் திறந்தால் உள்ளே "விரலடையாளம்" என்று ஒரு நீளமான வரி இருக்கும். இப்போதைய முறையில் 64 எழுத்துகள், இலக்கங்களும் ஆங்கிலத்தில் ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளும் கலந்தது. நாலு நாலாகப் பிரித்தால் 16 துண்டு. சட்டத்தரணிக்குத் தொலைபேசி எடுத்து, அவர் வாசிக்க நீங்கள் சரிபாருங்கள். மூன்று நிமிட வேலை. எடுக்கிற இலக்கம் உங்களிடம் முந்தியே இருந்த இலக்கமாக இருக்க வேண்டும், அந்தக் கடிதத்தின் அடியில் போட்டிருக்கிற இலக்கத்துக்கு எடுத்தால் கள்ளனே வாசித்துக் காட்டுவான். வட்ஸ்அப்பில் "பாதுகாப்புக் குறியீடு மாறியுள்ளது" என்று வருகிறதே, அதுவும் இதே குடும்பம்தான். அங்கே 60 இலக்கம். ஆள் ஃபோன் மாற்றியிருப்பார், பெரும்பாலும் அவ்வளவுதான். காசு கேட்டுச் செய்தி வந்த அன்றைக்கே குறியீடும் மாறியிருந்தால் ஒரு அழைப்பு எடுத்துக் குரலைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

சாட்டியில் நல்ல தண்ணீர் கிடைக்கிறது என்பதற்காகத் தீவகத்து எல்லாக் கிணற்றிலும் அள்ளி மடக்கென்று குடிக்கிறோமா? நாக்கில் ஒரு துளி வைத்து உவரா என்று பார்க்கிறோம். அந்தச் சனத்துக்கு இது விளங்காது என்று சொல்லுகிறவர்களை நாங்கள் ஏற்கமாட்டோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்குகிறது.

"எங்களிட்டை என்ன இருக்கு களவெடுக்க" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பதில். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுத்து வெளியேறச் சொன்னபோது, உறுதியைத் தேடி எடுத்துக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்? அதே வருடம் இராணுவம் தீவுகளைப் பிடித்தபோது பாலத்தால் ஓடிய தமிழ்ச் சனமும் பெட்டகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடவில்லை. இன்றைக்கு ஒரே வளவுக்கு ஒரு பிரதி புத்தளத்தில், ஒன்று ஸ்கார்பரோவில், ஒன்று எங்கோ ஒரு நொத்தாரிசின் அலுமாரியில். இவற்றை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிற கயிறு மின்னஞ்சல்தான். அதனால் தீவகத்து ஆளின் அஞ்சல் பெட்டியில் கிடப்பது வேறு எந்த ஊரவரின் பெட்டியில் கிடப்பதையும்விடக் குறைந்தது இல்லை. கொடுக்கல் வாங்கலை எழுதிச் சாட்சி வைக்கச் சொல்லும் மார்க்கத்தில் வளர்ந்த நாங்கள், சாட்சியே "எனக்குத் தெரியாது" என்று சொல்லும்போது காதைப் பொத்துவது என்ன நியாயம்?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் இதை வைத்துத்தான் இப்போது ஆட்களை மிரட்டுகிறார்கள். "டிஜிட்டல் கையொப்பத்தோடு அற்றோர்னித் தத்துவம் மின்னஞ்சலில் வந்துவிட்டது, அட்வான்ஸைக் கொடுங்கோ" என்று ஒரு தரகர் சொன்னால், அவருக்கு 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின் 23ஆம் பிரிவைக் காட்டுங்கள். மரண சாசனம், அற்றோர்னித் தத்துவம், காணி விற்பனை, காணி உரிமை மாற்றம் ஆகியவற்றுக்கு இந்தச் சட்டம் செல்லாது என்று, சட்டம் கொண்டுவந்தபோதே எழுதி வைத்தார்கள். காணியை எழுத 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னால் இருக்க வேண்டும். டிஜிட்டல் கையொப்பம் கடிதத்தை எழுதியவர் ஆர் என்று சொல்லும். எழுதியது உண்மையா, அவருக்கு விற்க உரிமை இருக்கிறதா என்று அது சொல்லாது. பச்சை அடையாளம் விழுந்த கடிதத்திலும் பொய் எழுதலாம்.

கந்தோர்களில் இருக்கிறவர்களுக்கு. உங்கள் சான்றிதழ் காலாவதியானால் புதுப்பிக்க வேண்டியது நீங்கள். தனிப்பட்ட ஜிமெயிலில் இருந்து அரசாங்க வேலை செய்துவிட்டு, சனம் சந்தேகப்பட்டால் எரிச்சல்படுவது சரியில்லை. ஒரு ஓய்வூதியக்காரர் கடிதத்தை நீட்டி "இதிலை எச்சரிக்கை காட்டுது தம்பி" என்று கேட்டபோது, "உங்களுக்கு இங்கிலிஷ் விளங்காட்டி ஓகேயை அமத்திட்டுப் போங்கோ" என்று ஒரு கந்தோரில் சொல்லியிருக்கிறார்கள். ஆங்கிலம் விளங்காதவர்தான் அங்கே சரியான கேள்வி கேட்டார். கந்தோரின் விரலடையாளத்தை ஒரு கடுதாசியில் அச்சடித்து, முத்திரை குத்தி, அறிவித்தல் பலகையில் ஒட்டி வைக்க என்ன செலவு?

கொமினிகேஷன் தம்பிமாருக்கு. உங்களோடு கோபமில்லை, நீங்கள் எங்கள் மாணவர்கள்தான். தெரியாவிட்டால் "தெரியாது, அனுப்பினவரைக் கேளுங்கோ ஐயா" என்று சொல்லுங்கள்.

எச்சரிக்கையோடு கடிதம் வந்து கிடக்கிறவர்கள் அதை வேறு ஆருக்கும் அனுப்ப வேண்டாம். இன்னொருவருக்கு அனுப்பும்போது பல வேளை கையொப்பம் உடைந்துவிடும், பிறகு எது பிழை என்று பார்க்க முடியாது. அழிக்கவும் வேண்டாம், "படங்களைக் காட்டு" என்று கேட்டால் அதையும் அமத்த வேண்டாம். ஃபோனையோ கொம்பியூட்டரையோ அப்படியே கொண்டுவாருங்கள், அனுப்பியவரின் பழைய தொலைபேசி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பிறகு மஃரிப் வரைக்கும் இருப்போம். காசு இல்லை. கடவுச்சொல்லை எங்களுக்கும் சொல்ல வேண்டாம், நீங்களே அடியுங்கள்.